84 விநாடிக்கு ஒரு விமானம்

மும்பை விமான நிலையத்தில் இரண்டு ஓடுபாதைகள் இருக்கின்றன. ஒன்றையொன்று குறுக்கே வெட்டுவதால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பயன்படுத்த முடியும். 2023 நவம்பர் 11, தீபாவளிக்கு முதல் நாள். அன்று 24 மணி நேரத்தில் அங்கே விமானங்கள் இறங்கியதும் கிளம்பியதுமாகச் சேர்த்து 1,032 முறை. சராசரியாக 84 விநாடிக்கு ஒன்று. மும்பையில் கனெக்டிங் ஃபிளைட் பிடித்து விடுமுறைக்குப் போகிறவர் இந்த எண்ணைக் கேட்டு வியக்கலாம், கொஞ்சம் கவலைப்படவும் வேண்டும்.

தாமதம் என்றாலே மழையையும் பனிமூட்டத்தையும் திட்டுகிறோம். வானம் பளிச்சென்று இருக்கும் நாளிலும் விமானம் வட்டமடிப்பது ஏன் என்பதற்கு விடை, கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த ஏ.கே.எர்லாங் என்ற கணித அறிஞரிடம் இருக்கிறது. தொலைபேசி அழைப்புகளைப் பற்றி 1909இல் அவர் வெளியிட்ட ஆய்வில்தான் வரிசைக் கோட்பாடு பிறந்தது.

அதன் மிக எளிய சூத்திரத்தை ஓடுபாதைக்குப் பொருத்திப் பார்ப்போம். ஒரு விமானத்துக்கு 80 விநாடி ஓடுபாதை தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடுபாதை பாதி நேரம் சும்மா கிடந்தால் சராசரிக் காத்திருப்பு 80 விநாடி. 80 சதவீத நேரம் வேலையில் இருந்தால் ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேல். 90 சதவீதத்தில் 12 நிமிடம். 95 சதவீதத்தில் 25 நிமிடத்தையும் தாண்டிவிடும். கடைசியாக ஏற்றிய ஐந்து சதவீதம் காத்திருப்பை இரண்டு மடங்காக்கிவிட்டது! அட்டவணையும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் இருப்பதால் நிஜத்தில் இவ்வளவு மோசமாகாது. ஆனால் நிரம்ப நிரம்பத் தாமதம் செங்குத்தாக ஏறும் என்பது மாறாது.

விமானங்களை இன்னும் நெருக்கி விடலாமே என்றால், இயற்பியல் விடாது. பெரிய விமானத்தின் இறக்கை நுனிகளிலிருந்து கிளம்பும் காற்றுச் சுழல்கள் பின்னால் வரும் விமானத்தைப் புரட்டிவிடக் கூடியவை. ஏர்பஸ் ஏ380க்குப் பின்னால் தரையிறங்க வரும் நடுத்தர விமானத்துக்குச் சர்வதேச அளவுகோல் 7 கடல் மைல் இடைவெளி.

தாமதம் ஓடுபாதையோடு நிற்பதும் இல்லை. உள்நாட்டில் பறக்கும் ஒரு விமானம் ஒரே நாளில் ஐந்தாறு முறை கிளம்பி இறங்கும். நடுவில் தரையில் நிற்பது அரை மணி, முக்கால் மணி. காலையில் பெங்களூருவில் இழந்த நேரம் மாலையில் கோவைப் பயணியின் தலையில் விழுகிறது. அமெரிக்க விமான நிறுவனங்கள் 2003 முதல் தாமதத்தைக் காரணத்தோடு அரசுக்குக் கணக்குக் கொடுக்கின்றன. விமானமே முந்தைய ஊரிலிருந்து தாமதமாக வந்தது என்பதற்கு அந்தக் கணக்கில் பெரும்பங்கு.

இனி டிக்கெட்டுக்கு வருவோம். இரண்டு விமானங்களுக்கு நடுவே 90 நிமிட இடைவெளி தாராளமாகத் தெரியும். போர்டிங் கேட் பெரும்பாலும் 25 நிமிடம் முன்பே மூடிவிடும். பின் வரிசையில் இருந்து இறங்க 15 நிமிடம். மிச்சம் 50. பாதுகாப்புச் சோதனையும், வெளிநாடு என்றால் குடியேற்ற வரிசையும் இதற்குள் முடிய வேண்டும். மும்பையில் முனையம் 1 சான்டாகுரூஸ் பக்கம், முனையம் 2 சகார் பக்கம். மாற வேண்டியிருந்தால் நடுவே மும்பைச் சாலை. அதைப் பற்றி எழுத இந்தப் பக்கம் போதாது.

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் ‘குறைந்தபட்ச இணைப்பு நேரம்’ என்று ஒன்று உண்டு. அதற்கும் குறைவான இடைவெளியில் முன்பதிவுக் கணினிகள் ஒரே டிக்கெட்டாக விற்காது. வியன்னாவில் 25 நிமிடம்கூட அனுமதி. எல்லாம் ஒழுங்காக நடந்தால் போதும் என்கிற நேரம் அது. முதல் விமானம் முன்கூட்டி வந்தால் பத்து நிமிடம் மிச்சமாகலாம்; தாமதமானால் மூன்று மணி நேரமும் போகலாம். ஆகவே சராசரித் தாமதம் பயணிக்கு உதவாத எண்.

மும்பை வழியாக வெளிநாடு போகிறவர், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், மூன்று மணி நேரத்துக்குக் குறைந்த இடைவெளியை எடுக்க வேண்டாம் என்பேன். இரண்டு பயணமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். தனித்தனியாக வாங்கினால், முதல் விமானம் தாமதமானது இரண்டாவது நிறுவனத்தின் பொறுப்பல்ல. உங்களை ‘வராதவர்’ என்று குறித்துக்கொள்ளும். முடிந்தால் காலையின் முதல் விமானத்தைப் பிடியுங்கள். பெரும்பாலும் அது முந்தைய இரவே வந்து நிற்கும்.

உள்நாட்டு விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் என்றால், இந்திய விதிப்படி மாற்று விமானமோ முழுப் பணமோ தர வேண்டும். கவுன்ட்டரில் கேட்டு வாங்குங்கள்.