மம்மியின் அப்பா யார்? டி.என்.ஏ. சொல்கிறது!

உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டர் நிறையக் குடும்பப் படங்கள். பைல் பெயர்கள் மட்டும் அழிந்துவிட்டன என்று வைத்துக் கொள்ளுங்கள். எது யார் படம்? எகிப்திய ஆய்வாளர்களுக்கும் இதே தலைவலிதான். திருடர்களுக்குப் பயந்து பழங்காலப் பூசாரிகள் அரச மம்மிகளைக் கல்லறை மாற்றி ஒளித்து வைத்தார்கள். அதில் பல மம்மிகளின் அடையாளம் தொலைந்து போனது.

2010-ல் ஜாஹி ஹவாஸ் குழுவினர் துட்டன்காமன் மம்மியையும், உறவினராக இருக்கலாம் என்று கருதப்பட்ட 10 மம்மிகளையும் சோதித்து முடிவுகளை வெளியிட்டார்கள். எலும்பில் துளையிட்டு எடுத்த டி.என்.ஏ. மிகக் கொஞ்சம். எனவே காப்பி எடுக்க வேண்டும். இதற்குப் பி.சி.ஆர். என்று பெயர். ஒவ்வொரு சுற்றிலும் இரு மடங்காகும். 30 சுற்றில் நூறு கோடியைத் தாண்டிவிடும். (விண்டோஸ் ஒரு ஜிபி என்று காட்டும்போது அதில் இருக்கும் பைட்டுகளும் இதே எண்ணிக்கைதான்!) ஆபத்தும் இங்கேதான். மம்மியைத் தொட்டவரின் வியர்வை பட்டிருந்தால் அதுவும் சேர்ந்து காப்பியாகும். அதனால் ஆய்வுக்கூட ஊழியர்களின் டி.என்.ஏ.வையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அப்படியும், எகிப்தின் வெயிலில் 3,300 ஆண்டுகள் டி.என்.ஏ. தாங்குமா என்று வேறு சில ஆய்வாளர்கள் அதே ஆண்டில் கேள்வி எழுப்பினார்கள்.

டி.என்.ஏ.வில் சில இடங்களில் ஒரே துண்டு திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை என்று எண்ணினால் போதும். ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு எண்கள். ஒன்று அப்பா தந்தது, மற்றது அம்மா தந்தது. அப்பாவுக்கு 10, 12, அம்மாவுக்கு 14, 16 என்றால் பிள்ளைக்கு 10, 16 வரலாம். 14, 16 வராது. இப்படி எட்டு இடங்கள். எக்ஸெலில் போட்டுப் பார்க்கக்கூடிய சின்ன அட்டவணைதான்.

ஆனால் எண்கள் உறவைச் சொல்லுமே தவிர, பெயரைச் சொல்லாது. பெயர் கல்லறை எழுத்திலிருந்துதான் வர வேண்டும். யுயா, துயா தம்பதியின் கல்லறை 1905-ல் பெயர்களோடு கிடைத்தது. அரசர் பள்ளத்தாக்கின் 35-ம் எண் கல்லறையில் இருந்த மூத்த பெண்மணி இவர்களின் மகள் என்று எண்கள் காட்டின. அவர் ராணி தியி என்ற பழைய ஊகம் உறுதியானது. 55-ம் எண் கல்லறை ஆண் துட்டன்காமனின் தந்தை, தியியின் மகன். பலர் அவரை அகெனாடென் என்கிறார்கள். எலும்பைப் பார்த்தால் அத்தனை வயது இல்லையே என்று மறுப்பவர்களும் உண்டு.

தாய்? 35-ம் எண் கல்லறையில் இருந்த இளைய பெண்மணி. தந்தைக்கு உடன்பிறந்த சகோதரி! ஆனால் தியிக்கு மகள்கள் பலர். அவர்களில் இவர் யார் என்று பிரித்துச் சொல்ல எந்த எழுத்தும் துணைக்கு இல்லை. அதனால் இன்றும் அவர் 'இளைய பெண்மணி' என்றே பட்டியலில் இருக்கிறார்.