மன்னார்க் கழுதையும் இயற்கைச் சூழலும்

திருக்கேதீச்சரத்தை வழிபடச் செல்லும் கொழும்பு மாணவர், பாலத்தைக் கடந்து மன்னார்ப் பட்டினத்துட் புகுவாராயின், உரிமையாளரின்றித் திரியும் கழுதைக் கூட்டங்களைக் காண்பர். கற்பிட்டிப் பகுதியிலும் இவை உள. கண்டு நகைத்து அப்பாற் செல்வதே பலரது வழக்கம். ஆயின், மனிதன் ஓர் உயிரினத்தைக் கொணர்ந்து, பயன்கொண்டு, பின்னர்க் கைவிட்டால் நிலத்துக்கு யாது நேரும் என்னும் வினா இக்கூட்டங்களினிடத்தே அடங்கியுள்ளது.

கழுதை இலங்கைக்குரிய விலங்கன்று. ஆபிரிக்கக் காட்டுக் கழுதையை ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன் மனிதன் பழக்கினான் என்பது மரபணு ஆய்வாளர் துணிபு. பெருக்கமரத்தைப் போலவே கழுதையையும் அரபு வணிகரே மன்னாருக்குக் கொணர்ந்தனர் என்பது மரபுவழிச் செய்தி. பொதி சுமந்த இவ்விலங்கு, மோட்டார் வண்டிகள் பெருகியதும் வேண்டாப் பொருளாயிற்று.

கைவிடப்பட்டும் அது அழியாமைக்குக் காரணம் அதன் உடலமைப்பே. உடல் நிறையில் நூற்றுக்கு 30 பங்கு வரை நீரிழந்தும் அது உயிர் தாங்கும். அசைபோடும் விலங்கன்றாதலின், சத்துக் குறைந்த முரட்டுப் புல்லையும் மிகுதியாக உண்டு பிழைக்கும்.

இவ்வாற்றலே சில நாடுகளிற் கேடாயிற்று. அவுஸ்திரேலியாவுக்கு 1866இற் சுமைவிலங்காகக் கொணரப்பட்ட கழுதைகள் பின்னர்க் காடேறிப் பெருகின. அவை புல்வெளியை மேய்ந்து வெறுமையாக்கின; குளம்புகளால் மண் அரிப்புக்கு வழிசெய்தன. கிம்பர்லிப் பிரதேசத்தில் மட்டும் 1978 முதல் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டவை கொல்லப்பட்டன. கலாபகோசுத் தீவுகளில் அவை ஆமைகளின் முட்டைக் குழிகளை மிதித்தழித்தமையால் சில தீவுகளிலிருந்து முற்றாக அகற்றப்பட்டன.

எனினும், இதற்கு மறுபக்கமும் உண்டு. அமெரிக்கப் பாலைநிலங்களிற் காட்டுக் கழுதைகளும் குதிரைகளும் வறண்ட ஆற்றுமணலை ஆறடி வரை தோண்டி நீர் காண்கின்றன என்றும், அவ்வூற்றுகளிற் பிற விலங்குகளும் பறவைகளும் நீர் அருந்துகின்றன என்றும் 2021இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. கைவிடப்பட்ட குழிகளில் மரக்கன்றுகளும் முளைத்தன.

ஆகவே, ஒரே விலங்கு ஓரிடத்திற் கேடாகவும் பிறிதோரிடத்தில் துணையாகவும் அமைதல் கூடும். அதன் தொகையும், நிலத்தின் இயல்பும், அங்கு முன்பிருந்த உயிர்களின் வாழ்க்கைமுறையும் சேர்ந்தே விளைவைத் தீர்மானிக்கின்றன. ஓரிடத்து முடிவை மற்றோரிடத்துக்கு அவ்வாறே பொருத்துதல் அறிவியல் ஆகாது.

மன்னார்க் கழுதைகளோ பெரும்பாலும் மக்களை அண்டியே வாழ்வன. குப்பையிற் கிடக்கும் பொலித்தீனை உண்டும், வாகனங்களில் மோதுண்டும் அவை துன்புறுகின்றன. இங்கு கழுதையாற் சூழல் கெடுவதினும் மனிதனாற் கழுதை கெடுவதே முதலிற் கண்ணிற் படுகிறது. ஆயினும், அண்மையிலுள்ள வங்காலைப் பறவைகள் சரணாலயம் 2010இல் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது என்பதையும் மறத்தலாகாது. தரையிற் கூடுகட்டும் பறவைகள் வாழும் பிரதேசத்தில், மேய்ச்சல் விலங்கின் பெருக்கம் பொருட்படுத்தத் தகாத ஒன்றன்று.

கொன்றொழித்தலும் பாராமுகமாயிருத்தலும் தவிர மூன்றாவது நெறியொன்று உண்டு. கூட்டங்களை ஆண்டுதோறும் எண்ணுதல், அவை மேயும் செடிகளைக் குறித்தல், விட்டையில் எவ்வித்துக்கள் முளைக்கின்றன என ஆராய்தல், கருத்தடையாற் பெருக்கத்தை அளவுபடுத்தல் என்பன அந்நெறியின் படிகள். இவற்றுள் முதன் மூன்றும் உயிரியல் மாணவர்க்கு இயல்வனவே.

நம் முன்னோரின் சுமையைத் தாங்கிய உயிர் அது. அதற்கும் அது மேயும் நிலத்துக்கும் ஒருங்கே நீதி செய்தல் நம் கடன்.