பதினோராம் வகுப்பில் பாடத் தேர்வு

1968-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை இலக்காகக் கொண்ட 10+2+3 அமைப்பில், பதினோராம் வகுப்பே பாதை பிரியும் இடமாகும். மருத்துவத்திற்கு உயிரியலும் பொறியியலுக்குக் கணிதமும் தேவை என்பதைப் பெற்றோர் நன்கறிவர். கலைப் பிரிவிலும் இத்தகைய நிபந்தனைகள் உண்டு என்பதையே பலர் அறிவதில்லை.

தில்லிப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரச் சிறப்புப் பட்டப்படிப்பை எடுத்துக்கொள்வோம். 2022 முதல் பொது நுழைவுத் தேர்வின் வழியே நடைபெறும் சேர்க்கையில், இப்படிப்புக்குக் கணிதம் கட்டாயம், பொருளாதாரம் கட்டாயமன்று! பள்ளியில் ஈராண்டுகள் பொருளாதாரம் பயின்று, கடினமென அஞ்சிக் கணிதத்தைக் கைவிட்ட மாணவர் வாயிலிலேயே நின்றுவிடுகிறார். பொருளாதாரமே பயிலாத கணித மாணவர் உள்ளே செல்கிறார். இது முரணாகத் தோன்றினும் காரணமற்றதன்று. தேவை, செலவு ஆகியவற்றின் ஆய்வு வகைநுண்கணிதத்தையும், புள்ளிவிவர ஆய்வு நிகழ்தகவையும் அடிப்படையாகக் கொண்டவை.

மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2020-21-இல் பதினோராம் வகுப்பில் பயன்பாட்டுக் கணிதத்தை அறிமுகப்படுத்தியது. நிதிக் கணக்கு, காலத்தொடர் முதலியன இதில் அடங்கும். வணிகவியல், சமூக அறிவியல் மாணவருக்கு இது ஏற்றது. பொறியியலை நாடுவோருக்கு உகந்ததன்று. ஆகவே, விரும்பும் கல்லூரியின் சேர்க்கைக் குறிப்பேட்டைப் பத்தாம் வகுப்பு முடியும் தறுவாயிலேயே பார்த்துவிடுவது நன்று. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பின்னர் அதைப் புரட்டுவதே இன்றைய வழக்கமாக உள்ளது.