கூடு இருக்கும் இடத்தில்தான் குஞ்சின் உயிர்



லீவு கிடைத்தால் நம்மில் பலர் பஸ் பிடித்துத் திருகோணமலைக்குப் போகிறோம். கோணேசரைக் கும்பிட்டு, கன்னியா வெந்நீர் ஊற்றில் குளித்து, நிலாவெளிக் கடலையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். வழியில் குளத்தோரம் நிற்கும் கொக்குகளையும் நாரைகளையும் பார்த்து, "அடேயப்பா, எவ்வளவு கொக்கு!" என்று சொல்லிவிட்டு அதோடு மறந்துவிடுகிறோம். திருகோணமலைக்கு வடக்கே, முல்லைத்தீவு எல்லையில் இருக்கும் கொக்கிளாய்க் களப்பு 1951ஆம் ஆண்டிலேயே பறவைகள் சரணாலயமாக்கப்பட்டது. இந்தப் பறவைகள் கூடு கட்ட எப்படிப்பட்ட இடத்தைத் தேடுகின்றன? அதைத்தான் இம்முறை பார்க்கப் போகிறோம்.

கொக்கும் நாரையும் தனித்தனியாகக் கூடு கட்டுவது குறைவு. நம்ம லயம் மாதிரி ஒரே மரத்தில் பல குடும்பம் இருக்கும். எதிரி வந்தால் ஒன்று பார்த்துவிடும், எல்லாம் சத்தம் போடும். ஆனால் எல்லாக் கூட்டுக்கும் ஒரே பாதுகாப்பு இல்லை. லயத்தில் கோடி வீட்டுத் தகரத்தைத்தானே காற்று முதலில் தூக்குகிறது? அதே மாதிரி, பொதுவாக ஓரத்துக் கூடுகளில்தான் முட்டையும் குஞ்சும் அதிகம் பறிபோகின்றன. முந்தி வரும் பறவைகள் நல்ல இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. பிந்தி வந்தவைக்கு ஓரமும் மெல்லிய கிளையும்தான் மிச்சம். பலத்த காற்றடித்தால் கூடே கவிழ்ந்துவிடும்.

மிகப் பெரிய பாதுகாப்பு எது தெரியுமா? மரத்தின் அடியில் நிற்கும் தண்ணீர். கிழக்குக் கரையில், பொத்துவிலுக்குத் தெற்கே உள்ள குமண வில்லு இதற்கு நல்ல உதாரணம். கதிர்காமப் பாதயாத்திரை போனவர்களுக்கு அந்தக் காடு தெரிந்திருக்கும். அங்கே தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் நாரை, கொக்கு, நீர்க்காகம் எல்லாம் கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. தண்ணீர் இருக்கும்வரை நரியும் காட்டுப்பூனையும் மரத்தடிக்கு லேசில் வராது. தண்ணீரில் முதலை இருந்தால் இன்னும் நல்லது. தவறி விழும் குஞ்சை அது தின்னத்தான் செய்யும். ஆனாலும் மரமேறித் திருடும் விலங்குகள் அந்தப் பக்கம் வரப் பயப்படும். அமெரிக்காவின் புளோரிடா சதுப்பு நிலங்களிலும் ஆராய்ச்சியாளர்கள் இதையே கண்டிருக்கிறார்கள்.

குஞ்சு பறக்குமுன் தண்ணீர் வற்றிவிட்டால் வேலி விழுந்த மாதிரிதான். எதிரி நடந்தே வந்துவிடும். மீனும் குறைந்துவிடும். இந்தப் பறவைகளின் முட்டைகள் ஒரே நாளில் பொரிப்பதில்லை. மூத்த குஞ்சு பெரிதாகி முந்திக்கொள்ளும். இரை குறைந்தால் கடைக்குட்டி பட்டினியில் சாகும். ஆகவே கூட்டுக்குப் பக்கத்தில் இரை கிடைப்பதும் முக்கியம்.

நெடுங்கால் உள்ளான் போன்றவை களப்போரத் தரையிலேயே முட்டையிடுகின்றன. கொஞ்சம் தாழ்ந்த இடமென்றால் ஒரு மழையில் முட்டை மூழ்கிவிடும். மேடாக இருந்தால் நாய்க்கும் மாட்டுக் குளம்புக்கும் இரையாகும்.

பறவை எவ்வளவு பார்த்துப் பார்த்து இடம் பிடித்தாலும், அதைக் கெடுக்க மனுசன் ஒருத்தன் கிட்டே போனால் போதும். தாய்ப்பறவை எழுந்து பறக்கும். காத்திருக்கும் காக்கை முட்டையைக் கொத்தும். இறகு முளைக்காத குஞ்சு வெயிலில் வாடிச் செத்துப்போகும். நாம் ஒரு கல்லும் எறிந்திருக்க மாட்டோம். ஆனாலும் சேதம் நம்மால்தான்.

சாதாரண சனங்களால் இதைத் தடுக்க முடியுமா? முடியும். தமிழ்நாட்டு வேடந்தாங்கலில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊர் விவசாயிகள் கலெக்டரிடம் முறையிட்டு 1798இல் பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு நல்ல உரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மலைச்சரிவில் வாழும் நமக்கு, வீடு இருக்கும் இடத்தைப் பொறுத்துத்தான் உயிர் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுத்தமுறை பயணம் போகும்போது கூடுள்ள மரத்தைக் கண்டால் தூர நின்றே பாருங்கள். பட்டாசு வேண்டாம், சத்தம் வேண்டாம். பிள்ளைகளையும் கிட்டே விடாதீர்கள். நம்ம ஊர்ப் பக்கம் அப்படி ஒரு மரம் இருந்தால், குஞ்சுகள் பறந்து போகும்வரை கத்தி வைக்காதீர்கள்.