கூரை இல்லாத காருக்குக் கோடி ரூபாய்!

கூரை இல்லாத வீட்டைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் யாரும் சீந்தமாட்டார்கள். கூரை இல்லாத காருக்கு மட்டும் ஏன் சார் இத்தனை விலை?

காரணம் இருக்கிறது. ஓர் அட்டைப் பெட்டியின் மூடியைக் கிழித்துவிட்டுத் தூக்கிப் பாருங்கள்... நெளியும். காரும் அப்படித்தான். கூரையை எடுத்துவிட்டால் உடம்பு தளர்ந்துவிடும். அதைச் சரிக்கட்ட அடிப்பாகத்தில் கூடுதல் பலம் கொடுக்கிறார்கள். பிறகு துணிக் கூரை, அதை மடக்கி விரிக்க மோட்டார். ஆக, இல்லாத கூரைக்கும் சேர்த்துத்தான் காசு!

நம் நாட்டிலும் இந்த ஆசை இல்லாமல் இல்லை. 1998-ல் கோவாவிலிருந்து 'சான் ஸ்டார்ம்' என்று ஒரு திறந்த கார் வந்தது. ரெண்டே ஸீட், ஃபைபர் உடம்பு, ரெனோ என்ஜின், 60 குதிரை சக்தி. ஊர் ஊராய் ஓடும் அளவுக்கு அது விலைபோகவில்லை.

ராஜபாளையத்தில் சின்னதாய் ஒரு நூற்பாலை நடத்தும் என் மாமா மகன் 60 குதிரையோடு திருப்திப்படுகிற ஆள் இல்லை. 2024-ல் பிஎம்டபிள்யூ இசட்4 வாங்கிவிட்டான். ஆஸ்திரியாவில் தயாராகி, முழு காராகவே கப்பலேறி வந்த வண்டி. 340 குதிரை. நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட நாலரை விநாடி. இதிலும் ரெண்டே ஸீட்தான். மாமாவும் அத்தையும் கோயிலுக்குக் கிளம்பினால், ஓட்டுகிறவனுக்கு இடம் கிடையாது!

நான் பி.காம். காரைப் பார்த்தால் மற்றவர்களுக்குக் கவிதை வரும், எனக்குக் கணக்குதான் வரும். ஷோரூம் விலை 89 லட்சத்து 30 ஆயிரம். 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குத் தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து ஆயுள்கால வரி 20 சதவிகிதம். அது கிட்டத்தட்ட 18 லட்சம். ஆக, ஒரு கோடியே ஏழு லட்சம். பாங்க்கில் போட்டிருந்தால் 7 சதவிகித வட்டியில் தினம் ரெண்டாயிரம் வந்திருக்கும். வருமான வரிக் கணக்குப்படி 15 சதவிகிதம் தேய்மானம் போட்டால், முதல் வருஷம் தினம் நாலாயிரத்து நானூறு. பெட்ரோல் போடாமல், செட்டில் சும்மா நிற்பதற்கே நாளைக்கு ஆறாயிரத்து நானூற்றுச் சொச்சம்!

"மாப்ளே, வாயால கணக்குப் போடாத. வந்து உக்காரு" என்றான். தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போய்வருவதாக ஏற்பாடு.

உட்காருவது சுலபம். தொப்பென்று விழுந்தால் போதும். எழுந்திருக்கத்தான் கைத்தாங்கல் வேண்டும். முறையாகப் போட்ட வேகத்தடையே 10 சென்டிமீட்டர் உயரம். காரின் வயிறு அதற்குச் சற்றே மேலே. நம் ஊரில் முறைப்படி போட்ட வேகத்தடை எத்தனை? ஒவ்வொன்றிலும் பிரசவத்துக்குப் போகும் பெண்ணைக் கூட்டிப்போவதுபோல ஏற்றி இறக்கினான்.

ஆனால், ஊர் தாண்டியதும்... அடடா! மேற்கே மலைத்தொடர் முழுசாய் நம்மோடு கூடவே வருகிறது. வயல் வாசம், டீக்கடை வாசம், எல்லாம் நேரே மூக்குக்கு. கண்ணாடிக்குள் உட்கார்ந்து இத்தனை வருஷம் நான் பார்த்தது பாதி ஊர்தான்.

நடுவழியில் திடீரென்று ஒரு பட்டனை அமுக்கினான். கூரை மேலே வந்து மூடிக்கொண்டது.

"மழை இல்லையேடா?"

பதில் இல்லை. அவன் மில் கேட் கடந்து போனது. கொஞ்ச தூரத்தில் கூரை மறுபடி திறந்தது.

இந்தக் கூரை மூட 10 விநாடி. 50 கிலோமீட்டர் வேகத்தில் அது சுமார் 140 மீட்டர். கேட்டுக்கு அத்தனை தூரம் முன்னாலேயே அவன் விரல் பட்டனில் இருந்திருக்கிறது. தினப் பழக்கம்!

மெதுவாகக் கறந்தேன். போனஸ் பேச்சு நடக்கிறதாம். தொழிலாளர்கள் 15 சதவிகிதம் கேட்கிறார்கள். இவன் 10-லேயே நிற்கிறான். அறுபது பேர். ஆளுக்கு மாசம் 12 ஆயிரம் என்று வைத்தால், அந்த 5 சதவிகிதம் வருஷத்துக்கு 7,200 ரூபாய். அறுபது பேருக்கும் சேர்த்து நாலு லட்சத்து 32 ஆயிரம். அதாவது, இந்தக் கார் 67 நாள் சும்மா நிற்கும் செலவு!

நான் வாய்விட்டே சொன்னேன். காற்று பலமாக அடித்ததால் கேட்காததுபோல் இருந்துவிட்டான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் வண்டி நின்றதும் கூட்டம். "அண்ணே, மழை பெஞ்சா என்ன செய்வீங்க?" என்று ஒரு பொடியன். பூக்காரம்மா நாலு முழத்தை நேராக மடியிலேயே வைத்துவிட்டார். கண்ணாடியை இறக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டியதில்லையே! ஆண்டாள் தேரை ஆடிப்பூரத்தன்று ஆயிரக்கணக்கானவர்கள் வடம் பிடித்து இழுக்கும் வீதி அது. அங்கே எவ்வளவு பெரிய வண்டியும் ஊர் கை வைத்தால்தான் நகரும். இதைச் சொன்னால் உபதேசம் என்பானே என்று பால்கோவா வாங்கப் போய்விட்டேன்.

திரும்பும்போது, வாட்ச்மேன் தாத்தாவுக்கு ஒரு பொட்டலம் கொடுக்க மில் கேட்டில் நிறுத்தினான். கூரை மூடித்தான் இருந்தது. கண்ணாடியை இறக்கினான். இவனைச் சின்னப் பிள்ளையில் தூக்கி வைத்திருந்தவர் அவர்.

"எதுக்குச் சின்ன முதலாளி இங்க வந்தா மட்டும் மூடுறீக? வண்டி நல்லாத்தான இருக்கு. நாங்க பாத்தா கண்ணு படாது. போனஸ மட்டும் கொஞ்சம் தொறந்து சொல்லிப்புடுங்க."

மறுவாரம் 14 சதவிகிதத்தில் பேச்சு முடிந்தது. காருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று இன்றுவரை சாதிக்கிறான். இருக்கட்டும். ஆனால், இப்போதெல்லாம் மில் கேட்டைத் தாண்டும்போதும் கூரை திறந்தேதான் இருக்கிறது. மழை பெய்தால் தவிர!