அப்பாவின் புல்லட் ஆயில் ஒழுகுகிறதா? பேஸ்ட் தடவும் முன் இதைப் படியுங்கள்!

பல வீடுகளின் வாசலில் இன்றும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். ஓரமாக ஒரு பழைய புல்லட். இன்ஜினுக்குக் கீழே ஓர் அட்டைத் துண்டு. அட்டை முழுக்கக் கறுப்புத் திட்டுகள். கோலம் போட வரும் அம்மா முணுமுணுத்தால், அப்பாவிடம் பதில் தயாராக இருக்கும்: "புல்லட்டுன்னா ஒழுகத்தான் செய்யும். ஒழுகலைன்னா உள்ளே ஆயில் தீர்ந்துபோச்சுன்னு அர்த்தம்!"

சிரிக்கலாம். ஆனால், அந்த ஒழுகலை நிறுத்த அவசரப்பட்டுச் செய்யும் ஒரு தவறு, 40 வருடங்கள் ஓடிய இன்ஜினை ஒரே நாளில் முடக்கிவிடும்.

திருவொற்றியூர் இன்ஜின்

இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் கைகோத்து, 1955-ல் 'என்ஃபீல்டு இந்தியா'வைத் தொடங்கின. திருவொற்றியூர் ஆலையிலிருந்து வந்த புல்லட் 350-ன் இன்ஜின் 346 சிசி. சிலிண்டர் வார்ப்பிரும்பு, மேலே உள்ள ஹெட் அலுமினியம்.

சூடானால் இரண்டும் ஒரே அளவு விரியாது. அலுமினியம் அதிகம் விரியும், இரும்பு குறைவாக விரியும். இப்படி விரிந்து சுருங்கும் இணைப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து, ஆயிலும் அழுத்தமும் வெளியேறாமல் தடுப்பதுதான் கேஸ்கட். ஒர்க்‌ஷாப் பாஷையில் 'பேக்கிங்'. பல இடங்களில் இது வெறும் காகிதத் தாள்தான். வருடக்கணக்கில் சூடு பட்டு இறுகிப்போனால் விரிசல் விடும், ஆயில் கசியும்.

முதலில் பவுடர் போடுங்கள்!

கீழே சொட்டுகிறது என்பதற்காகக் கீழே உள்ள கேஸ்கட்தான் போய்விட்டது என்று சொல்ல முடியாது. மேலே ராக்கர் கவரில் கசியும் ஆயில் வழிந்து வந்து கீழே சொட்டலாம். இன்ஜினை மண்ணெண்ணெயால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, இணைப்புகளின் மீது முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவுங்கள். பத்து நிமிடம் ஓடவிட்டால், எங்கே ஈரக்கோடு ஆரம்பிக்கிறதோ அதுதான் இடம்.

கூடவே பிரீதர் குழாயையும் பார்க்க வேண்டும். பிஸ்டன் கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் 346 சிசி அளவுக்குக் காற்றைக் கீழே தள்ளுகிறது. அந்தக் காற்றின் அழுத்தம் வெளியேற வேண்டிய வழி பிரீதர். அது அடைத்திருந்தால், புது கேஸ்கட் போட்டாலும் அடுத்த வாரமே ஒழுகும்.

"அண்ணே, இன்னும் டைட் வெச்சா நின்னுடும்ல?"

மெக்கானிக் கடைகளில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நிற்காது. காய்ந்த கேஸ்கட்டை எவ்வளவு நெருக்கினாலும் அதற்கு உயிர் வராது. அலுமினியத்தில் உள்ள மரைதான் கழன்று வரும். கேஸ்கட்டோடு முடிய வேண்டிய செலவு, லேத் பட்டறை வரை இழுத்துவிடும்.

இணைப்புகளுக்கு நடுவே ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்புவதும் கூடாது. ரப்பர் சுத்தியலால் சுற்றிலும் மெல்லத் தட்டினாலே பிரிந்து வரும். ஸ்க்ரூ டிரைவர் போட்ட ஒரு கீறல், ஆயில் கசிய நிரந்தர வழி ஆகிவிடும்.

சுரண்டும்போது கவனம்

பழைய கேஸ்கட்டைச் சுரண்டி எடுப்பதுதான் பொறுமையைச் சோதிக்கும் வேலை. அந்தக் காலத்துக் கேஸ்கட்கள் பலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அதன் தூசி நுரையீரலுக்கு ஆபத்து. உப்புக் காகிதம் போட்டுத் தேய்க்கவோ, காற்றடித்து ஊதவோ வேண்டாம். நனைத்து, ஈரத்தோடு சுரண்டுங்கள். மாஸ்க் அவசியம். குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். சுரண்டிய துகள்கள் இன்ஜினுக்குள் விழாமல் இருக்க, திறந்த வாய்களைச் சுத்தமான துணியால் அடைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் துணியை மறக்காமல் எடுங்கள்!

உயிரெடுக்கும் பேஸ்ட்

இப்போது அந்தத் தவறுக்கு வருவோம். 'எதற்கும் இருக்கட்டும்' என்று கேஸ்கட்டின் இரண்டு பக்கமும் சிலிகான் பேஸ்ட்டைத் தாராளமாகத் தடவுவதுதான் அது.

பழைய புல்லட்டின் வலப்பக்கத்தில் உள்ள டைமிங் கவர் வெறும் மூடி அல்ல. ஆயில் பம்புகள் இருப்பதே அதில்தான். கிராங்குக்குப் போகும் ஆயில், அந்தக் கவரில் உள்ள சின்னத் துளைகள் வழியாகத்தான் பாய்கிறது. போல்ட்டை இறுக்கும்போது பிதுங்கும் பேஸ்ட் வெளியே மட்டும் வராது, உள்ளேயும் போகும். ஒரு துணுக்கு துளையை அடைத்தாலும் கிராங்கின் பேரிங் ஆயில் இல்லாமல் காய்ந்து, இன்ஜின் இறுகிவிடும். வெளியே ஒரு சொட்டு ஆயில்கூடத் தெரியாது. கசிவு நின்றுவிட்டது என்று வீட்டில் சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்பார்கள்!

துளை சரியில்லாத கேஸ்கட்டும் இதே வேலையைச் செய்யும். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வாங்கினாலும் சரி, உள்ளூர்க் கடையில் வாங்கினாலும் சரி, புதியதைப் பழையதன் மேல் வைத்து ஒவ்வொரு துளையும் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே மாட்ட வேண்டும்.

மாட்டிய பிறகு...

* ஹெட் நட்டுகளை வரிசையாக இறுக்கக் கூடாது. எதிரெதிராக, மூன்று சுற்றுகளில், கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். டார்க் ரெஞ்ச் இருந்தால் நல்லது.

* ஹெட்டைக் கழற்றி மாட்டினால் டேப்பட் அளவு மாறியிருக்கும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, வால்வுகள் மூடிய நிலையில், புஷ்ராடு விரலுக்குச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது.

* ஸ்டார்ட் செய்ததும் ராக்கருக்குப் போகும் சின்னக் குழாயின் போல்ட்டை லேசாகத் தளர்த்தினால் ஆயில் எட்டிப்பார்க்க வேண்டும். வரவில்லையா? உடனே இன்ஜினை நிறுத்துங்கள்.

* முதல் ஓட்டத்துக்குப் பிறகு ஓர் இரவு முழுக்க ஆறவிட்டு, நட்டுகளை மறுபடி சரிபாருங்கள்.

இவ்வளவும் முடிந்ததும், வண்டிக்குக் கீழே அந்தப் பழைய அட்டையைப் போடாதீர்கள். பதிலாக அன்றைய நியூஸ்பேப்பரை விரித்து வையுங்கள். காலையில் கோலப்பொடிக் கிண்ணத்தோடு வரும் அம்மா, கறை இல்லாத பேப்பரை எடுத்து மடித்துப் பழைய பேப்பர் கட்டில் சேர்த்தால், வேலை வெற்றி. அப்பாவுக்குத்தான் புது ஜோக் தேட வேண்டியிருக்கும்!