தட்டை விட்டு விலகிய மேகங்கள்

விண்மீன்களின் பிறப்பு – 9

விண்மீன்கள் பிறப்பது குளிர்ந்த மூலக்கூறு மேகங்களில். பால்வீதியில் இம்மேகங்கள் பெரும்பாலும் தட்டின் நடுத்தளத்தை ஒட்டி, இருபுறமும் சுமார் 250 ஒளியாண்டுக்குள் அடங்கிவிடும். வானத்தில் பால்வீதிப் பட்டையை விட்டு வெகுவாக விலகித் தெரிபவை குறைவு. 1985இல் மக்னானி, பிளிட்ஸ், மண்டி ஆகிய மூவர், கார்பன் மோனாக்சைடு வெளியிடும் ரேடியோ அலையைத் தேடி அத்தகைய 57 மேகங்களைப் பட்டியலிட்டனர். மூவர் பெயரின் முதலெழுத்துகளே எம்.பி.எம். என்ற வரிசைப் பெயராயின.

இவற்றில் பல விலகித் தெரிவதற்கு அண்மையே காரணம். திருவனந்தபுரத்தின் ஆரியசாலைக் கடைத்தெருவில் நிற்பவர் பக்கத்துக் கூரையைப் பார்க்கத் தலையை அண்ணாக்க வேண்டும். தொலைவிலுள்ள பத்மநாபசுவாமி கோபுரத்துக்கு அது வேண்டியதில்லை. சூரியனும் தட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே ஒரு மேகத்தின் உண்மையான உயரத்தை அறிய, முதலில் அதன் தூரம் தெரிய வேண்டும்.

தூரத்தைத் தூசியே காட்டிக்கொடுக்கிறது. மேகத்தின் காந்தப்புலம் தூசித் துகள்களை ஒரே வாக்கில் நிறுத்துவதால், பின்னாலிருக்கும் விண்மீன்களின் ஒளி முனைவாக்கம் பெறுகிறது, அதாவது ஓரளவு ஒரே வாக்கில் அதிர்கிறது. முன்னாலிருப்பவற்றின் ஒளி அவ்வளவாக மாறுவதில்லை. முனைவாக்கம் திடீரென உயரும் தூரமே மேகத்தின் தூரம். நைனிதால் ஆரியபட்டா ஆய்வு நிறுவன வானியலாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், எம்.பி.எம். 33 முதல் 39 வரையிலான மேகத் தொகுதியின் திசையிலுள்ள 234 விண்மீன்களை இவ்வாறு அளந்தனர். கிடைத்த தூரம் சுமார் 390 ஒளியாண்டு. நடுத்தளத்திலிருந்து உயரமோ 230 ஒளியாண்டு அளவுதான்.

இத்தொகுதியைச் சேர்ந்த எல் 183 என்ற மேகம், மே மாதப் பிற்பகுதி நள்ளிரவில் திருவனந்தபுரத்துக்கு ஏறத்தாழ உச்சிவானில் இருக்கும். அதன் அடர்ந்த கருவில் வெப்பநிலை 7 கெல்வின்தான். அகச்சிவப்பு ஒளியை அக்கரு சிதறடிப்பதை வைத்து, அங்கே தூசித் துகள்கள் வழக்கத்தைவிடப் பருத்திருப்பதை 2010இல் கண்டறிந்தனர். ஆனாலும் உள்ளே இன்னும் விண்மீன் இல்லை.

விண்மீன் பிறந்தவை மிகச் சில. எரிடானசில் உள்ள எம்.பி.எம். 20இல் இளம் இரட்டை விண்மீன்கள் இருக்கின்றன. மேஷத்தில் உள்ள எம்.பி.எம். 12இல் ஏறக்குறைய ஒரு டஜன் இளம் விண்மீன்கள் உள்ளன. மற்ற பல மேகங்கள் மெலிந்தவை. வெளியிலிருந்து வரும் புற ஊதா ஒளி அவற்றின் உள்ளே புகுந்து மூலக்கூறுகளைச் சிதைக்கிறது. உள்ளோட்டக் கொந்தளிப்பை அடக்கும் அளவுக்கு அவற்றின் ஈர்ப்பு போதாது. அவை சுருங்குவதற்கு முன்பே கலைந்துவிடுகின்றன.

உயரம் மட்டுமே தடையல்ல என்பதற்கும் சான்று உண்டு. கையா விண்கலத் தரவுகளில் கண்டறியப்பட்ட பிரைஸ்-வீலன் 1 என்ற விண்மீன் கொத்து, தட்டுக்கு வெகு வெளியே, நம்மிடமிருந்து சுமார் 94,000 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. வயது ஏறத்தாழ 12 கோடி ஆண்டு. மகெல்லன் மேகங்களிலிருந்து பிரிந்து வந்த வாயு பால்வீதியின் விளிம்பில் மோதி நெருக்குண்டபோது இது பிறந்ததாகக் கருதப்படுகிறது. வாயு போதிய அடர்த்தி பெற்றால், தட்டுக்கு வெளியிலும் விண்மீன் பிறக்கும்.

(தொடரும்)